செவலையின் முழங்கால்

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றதை நேரில் பார்த்தவர்கள், இதை வாசிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். கொள்ளு வேகிற வாசமும் சாணி வாசமும் கலந்து வரும். ரயில் வந்து நின்றதும் "வாங்க, வாங்க" என்று ஒரே கூப்பாடு. ஆட்டோ வருவதற்கு வெகுகாலம் முன்பு.

எங்கள் வளவுக்கு எதிர்வீட்டில் ராவுத்தர் மாமா இருந்தார். அவருக்கு ஒரு வண்டி, ஒரு குதிரை. நிறத்தை வைத்துக் குதிரைக்குச் செவலை என்றே பேர். உயர்ந்த ஜாதி ஒன்றுமில்லை, நாட்டு மட்டக்குதிரைதான். காலை ரயிலுக்கும் சாயங்கால ரயிலுக்கும் ஆள் ஏற்றுவார். நடுவில் பனியன் கம்பெனிகளிலிருந்து பண்டல்களை ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். ராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரை வீரன் என்று பொருள் என்பார் மாமா. "எங்க பாட்டன் பூட்டனெல்லாம் குதிரை மேல உக்காந்தாங்க, நான் குதிரைக்குப் பின்னால உக்காந்திருக்கேன், அவ்வளவுதான் தம்பி" என்று சிரிப்பார்.

1961 ஐப்பசி மழையில் செவலை வழுக்கி விழுந்தது. எனக்கு 11 வயது. இரண்டு முன்னங்காலும் மடங்கி, முழங்கால் கல்லில் அடித்தது. இடதுகால் சிராய்ப்போடு போயிற்று. வலது முழங்கால் மட்டும் இரண்டு நாளில் விளாம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. நடந்தால் கொஞ்சம் நொண்டும். ஆனால் காலை ஊன்றி நின்றது, கொள்ளு தின்றது. புளிய இலை ஒத்தடம், உப்பு ஒத்தடம் எல்லாம் கொடுத்துப் பார்த்தார் மாமா. வீக்கம் குறையவில்லை. வண்டி ஓடாத வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். பத்து நாள் பொறுத்துவிட்டு ஒருவரைக் கூட்டி வந்தார். மாடு, குதிரைக்குச் சூடு போடுவதிலும் கட்டி கீறுவதிலும் சுற்றுவட்டாரத்தில் கைராசிக்காரர் என்று பேரெடுத்தவர். பேர் இங்கே வேண்டாம்.

லாந்தரைப் பிடிக்கிற வேலை எனக்கு. அதனால் எல்லாவற்றையும் கிட்டத்தில் பார்த்தேன். குதிரையின் மேலுதட்டில் கயிற்றை முறுக்கி ஒருவர் பிடித்துக்கொண்டார். கத்தியை நெருப்பில் காட்டினார் அந்த மனிதர், பிறகு வேட்டியில் துடைத்தார். வீக்கத்தின் நடுவில் ஒரு விரல்கடை நீளம் கீறினார். மஞ்சளாக, விளக்கெண்ணெய் மாதிரி ஒன்று வழிந்தது. அதைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எடுத்து விரலைப் பிரித்துக் காட்டினார். நூல் மாதிரி இழுபட்டது. லாந்தர் வெளிச்சத்தில் அந்த நூல் மின்னியது.

"பாத்தீங்களா, சீழு. கெட்டது பூரா வெளிய வந்துருச்சு. இனி ஆறிப்போயிரும்."

எல்லோருக்கும் நிம்மதி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பி, பனியன் வேஸ்ட் துணியால் கட்டினார்கள். மறுநாள் வீக்கம் வடிந்துதான் இருந்தது. மாமா எனக்கு ஒரு பொரி உருண்டை வாங்கித் தந்தார்.

நான்காம் நாள் காலை செவலை மூன்று காலில் நின்றது. வலது முன்னங்காலின் குளம்பு நுனி தரையில் தொட்டும் தொடாமலும் இருந்தது. கட்டை அவிழ்த்தால் கலங்கலாகத் தண்ணீர் மாதிரி வழிந்தது, நாற்றம் வேறு. அரசாங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். பென்சிலின் ஊசி போட்டார், காயத்தைக் கழுவினார். "மூட்டே தெறந்து போச்சுங்களே பாய்" என்று மட்டும் சொன்னார். அப்புறமும் தினம் வந்து ஊசி போட்டார், காசு வாங்கவில்லை. மூன்றாவது வாரம் நல்ல காலாக இருந்த இடதுகாலும் தாங்காமல் போயிற்று. குதிரை படுத்தது. படுத்த குதிரை எழவில்லை. நொய்யல் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் போகவில்லை, அம்மா விடவில்லை.

பின்னாளில் நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராகப் போனதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. வேலை கிடைத்தது, போனேன். ஆனால் அந்த நூல் மட்டும் நினைவை விட்டுப் போகவில்லை.

நம் நாட்டில் குதிரையின் கதை பெரும்பாலும் வந்து சாகிற கதைதான். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, ராஜா ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். காரணமும் சொல்கிறார்: இங்கே குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் கட்டி வைத்தியம் பார்க்கிறவர்கள் இல்லை, அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாமல் குதிரை விற்கிற வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள், செத்தால்தானே அடுத்த கப்பல் சரக்கு விற்கும். போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆசாமிதான். இருந்தாலும் இந்த வியாபாரத் தந்திரம் நமக்குப் புரியாதது இல்லை.

ஏடுகளில் வைத்தியம் இல்லாமல் இல்லை. சாலிஹோத்திரர் பேரிலும் நகுலன் பேரிலும் அசுவ சாஸ்திரங்கள் உண்டு. நகுலன் பேரில் உள்ளதைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் வண்ணப் படங்களோடு 1952ல் அச்சிட்டது. அந்தப் படிப்பெல்லாம் அரண்மனை லாயத்தோடு நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் வந்தபோதும் அவனுக்கு வேண்டியது பட்டாளத்துக் குதிரை. 1824ல் ஓசூரில் கும்பெனியார் அதற்கென்றே ஒரு பண்ணை வைத்தார்கள். பிற்காலத்தில் மாட்டுப் பண்ணையாக மாறி இன்றும் இருக்கிறது. 1903ல் சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டிடத்தில் 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதிலிருந்து வந்தவர்களால்தான் மாவட்டம் மாவட்டமாக மாட்டாஸ்பத்திரிகள் உண்டாயின. நம் பக்கமோ காங்கேயம் மாட்டுச் சீமை. பாளையக்கோட்டைப் பட்டக்காரர் தொழுவத்துக் காளைகளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு, குதிரையைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால்தான் குதிரையைக் கூட்டமாகப் பார்க்கலாம். திப்பு சுல்தான் காலத்திலிருந்து அந்தச் சந்தை நடக்கிறது என்று சொல்வார்கள்.

சூடு போடுவதை நம் ஊர்க் காட்டுவைத்தியம் என்று நினைக்க வேண்டாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குதிரைக் காலில் கோடு கோடாகவும் புள்ளி புள்ளியாகவும் சுடுவதை இங்கிலாந்தில் படித்த டாக்டர்களே 20ஆம் நூற்றாண்டிலும் செய்துகொண்டிருந்தார்கள். 1983ல்தான் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து, அடிபட்ட தசைநாண் சூட்டினால் ஒன்றும் விரைவாக ஆறுவதில்லை என்று எழுதினார்கள். செவலை செத்து 22 வருஷம் கழித்து. ஆகவே அன்றைக்குக் கத்தி எடுத்த மனிதரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1971ல் பயிற்சியில் இருந்தபோது ஒரு நாள், பின்னங்கால் மூட்டு வீங்கிய கறவை மாடு ஒன்று வந்தது. வீங்கிய இடத்தில் ரோமத்தைச் சிரைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, அயோடின் தடவி, டாக்டர் ஊசியால் கொஞ்சம் நீரை உறிஞ்சினார். எங்களைக் கூப்பிட்டு, சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டை விரலில் வைத்துப் பிரித்துக் காட்டினார். மஞ்சள் நூல் நீண்டது.

"இப்படி இழுபட்டா மூட்டு நல்லா இருக்குன்னு அர்த்தம். இது மூட்டுக்குள்ள இருக்கற எண்ணெய். கெட்டுப்போச்சுன்னா கலங்கும், தண்ணியாட்டம் ஓடும், நூல் வராது. வீங்கியிருக்கேன்னு யாராச்சும் கத்தி வெச்சீங்கன்னா அப்பறம் அந்த மாடு நம்மளுது இல்ல."

நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். பத்து வருஷத்துக்கு முந்தைய லாந்தர் வெளிச்சம் திரும்ப வந்தது. அன்றைக்குச் செவலையின் காலில் சீழே இல்லை. அடிபட்ட மூட்டு, நல்ல நீர் கொஞ்சம் அதிகமாகச் சுரந்து வீங்கியிருந்தது, அவ்வளவுதான். ஓய்வு கொடுத்திருந்தால் வடிந்திருக்கலாம். இல்லாத சீழை எடுக்கப்போய் உண்மையான சீழுக்கு வாசலைத் திறந்துவிட்டோம். நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், லாந்தர் பிடித்தவன் நான்.

மூட்டை ஏன் திறக்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எலும்பு நுனியில் வழவழப்பாக இருக்கிறதே குருத்தெலும்பு, அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. அதற்குச் சாப்பாடு அந்த எண்ணெயிலிருந்துதான். கிருமி உள்ளே போய்விட்டால், எதிர்த்துச் சண்டை போட வெள்ளை அணுக்கள் கூட்டமாக வருகின்றன. அவை கக்குகிற திராவகம் கிருமியோடு குருத்தெலும்பையும் அரிக்கிறது. போன குருத்தெலும்பு பழையபடி முளைப்பதில்லை. கையில் காலில் ஊசி போட்டால் மருந்து மூட்டுக்குள் போய்ச் சேருவதும் குறைவு. மனிதனுக்காவது படுக்கை உண்டு. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை படுத்தே கிடக்க முடியாது. நொண்டும் காலின் பாரத்தையும் எதிர்க்கால் சுமக்கும். சில வாரத்தில் அந்தக் குளம்புக்குள் சதை வீங்கி, எலும்பு குளம்பை விட்டுப் பிரியும். லேமினைடிஸ் என்பார்கள். செவலையின் இடதுகாலுக்கு வந்தது அதுதான் என்று இப்போது தெரிகிறது. 2006ல் அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி ஜெயித்த பார்பரோ என்ற குதிரை, இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் எலும்பை ஒடித்துக்கொண்டது. உலகத்திலேயே பெரிய குதிரை ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் வைத்துப் பார்த்தார்கள். ஒடிந்த எலும்பு கூடிவந்த நேரத்தில் மற்ற கால்களின் குளம்புகள் போய், 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் குதிரைக்கும் ராவுத்தர் மாமாவின் மட்டக்குதிரைக்கும் முடிவு ஒன்றுதான்.

இன்னொன்று. குதிரையின் முன்முழங்கால் என்று நாம் சொல்வது உண்மையில் முழங்கால் அல்ல, மணிக்கட்டு. நம் கையின் மணிக்கட்டில் இருக்கிற சிறு எலும்புகள் போலவே அங்கேயும் அடுக்கடுக்காக இருக்கும். குதிரை விரல் நுனியில் நின்றுகொண்டு ஓடுகிறது. நம் முழங்காலுக்கு ஒப்பானது பின்னங்காலில், வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. பந்தயக் குதிரைக்கு அந்த மணிக்கட்டு எலும்பின் ஓரம் அரிசி, பருப்பு மாதிரி துணுக்காகப் பெயர்ந்து மூட்டுக்குள் கிடக்கும். முன்பெல்லாம் அதை எடுக்க மூட்டை அகலமாக அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. பல குதிரைகள் பழைய ஓட்டத்துக்குத் திரும்பவில்லை.

அதை மாற்றியது ஒரு சின்னத் துளை. அந்தத் துளையின் கதை குதிரையில் தொடங்கவில்லை, தரையில் உட்காருகிற மனிதர்களிடம் தொடங்கியது.

ஜப்பானில் அந்தக் காலத்தில் காசநோய் முழங்காலில் இறங்கி, கால் மடக்க முடியாமல் விறைத்துப்போனவர்கள் நிறைய. நம்மைப் போலத் தரையில் உட்கார்ந்து எழுகிற ஜனங்கள். கால் மடங்காவிட்டால் சாப்பாட்டுக்கும் உட்கார முடியாது, பெரியவர்கள் முன் மண்டியிடவும் முடியாது. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டுமென்று, 1918ல் தோக்கியோவில் கென்ஜி தக்காகி என்ற டாக்டர், மூத்திரப்பை பார்க்கிற குழலை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அதற்கு முன்பே 1912ல் டென்மார்க்கின் நோர்டென்டாஃப்ட் என்பவர் பெர்லின் மாநாட்டில் இப்படியொரு குழலைப் பற்றிப் பேசியிருந்தார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தக்காகியின் சீடர் மசாகி வத்தனாபே விடாமல் குழல் மேல் குழலாகச் செய்து பார்த்து, 1950களின் கடைசியில் 21ஆம் நம்பர் குழலை உருப்படியாகக் கொண்டுவந்தார். அதன் நுனியில் ஒரு குட்டி பல்பு. சமயத்தில் அது மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடுமாம். 1962 மே 4ல், கிழிந்த ஜவ்வின் ஒரு பகுதியை அந்தத் துளை வழியாகவே வெட்டி எடுத்தார் வத்தனாபே. நொய்யல் கரையில் செவலையைப் புதைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1964ல் கனடாவின் ராபர்ட் ஜாக்சன் தோக்கியோ போய்க் கற்றுக்கொண்டு வந்தபின் மேல்நாடுகளில் பரவியது.

குதிரைக்கு அது 1970களில் வந்தது. அதை ஒரு முறையான வைத்தியமாக ஆக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வேய்ன் மெக்கில்ரெய்த். நியூசிலாந்துக்காரர், அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1984ல் அவர் எழுதிய குதிரை மூட்டுக் குழல் சிகிச்சைப் புத்தகம்தான் இந்தத் துறைக்கு அரிச்சுவடி. குதிரையை மயக்கி மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை மேலே கட்டித் தொங்கவிட்டு, மூட்டில் திரவத்தை ஏற்றி உப்பவைப்பார்கள். ஒரு துளையில் 4 மில்லிமீட்டர் குழல், இன்னொரு துளையில் இடுக்கி. டெலிவிஷன் பெட்டியில் பார்த்தபடியே துணுக்கை எடுத்துவிடலாம். ஒன்றிரண்டு தையல். அதே குதிரை சில மாதத்தில் திரும்ப ஓடுகிறது.

ஆனாலும் துளை சின்னது என்பதால் மூட்டுக்குத் திறந்தது தெரியாமல் போய்விடாது. குழல் போய்வந்த மூட்டு கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். உள்ளே குடைந்திருக்கிறார்கள், கழுவியிருக்கிறார்கள், ரத்தம் கசிந்திருக்கிறது. அது சும்மா அழற்சி, நாளாக ஆகத் தணியும். எப்போதாவது ஒன்றில் கிருமி புகுந்துவிடும். அமெரிக்காவில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் 1994 முதல் 2003 வரை இப்படிச் செய்த 932 மூட்டுகளின் கணக்கைப் பார்த்தார்கள். 8 மூட்டில் கிருமி. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பாரம் இழுக்கிற பெருங்குதிரை இனங்களுக்கும், பின்னங்கால் கணு மூட்டுக்கும் அது கூடுதலாக வந்திருந்தது. வண்டிக் குதிரைக்குத்தான் எப்போதும் சோதனை போலும்.

இந்த இரண்டு வீக்கத்தையும் பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும், உப்பி, சூடாக. முதல் அடையாளம் கால். சும்மா வீங்கிய மூட்டோடு குதிரை காலை ஊன்றும், கொஞ்சம் நொண்டும். கிருமி புகுந்த மூட்டோடு ஊன்றவே ஊன்றாது. நான்காம் நாள் செவலை நின்றதே, அப்படி. வலி மருந்து கொடுத்திருந்தால் இந்த அடையாளம் மறைந்துபோகும், அதனால் டாக்டர்கள் அதில் ஜாக்கிரதை. இரண்டாவது, ஊசியால் எடுத்த நீர். நல்ல மூட்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளை அணுக்கள் ஆயிரத்துக்குள்தான் இருக்கும். 30 ஆயிரத்தைத் தாண்டினால் கிருமி என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளர்ந்து பேர் தெரியட்டும் என்று காத்திருப்பதில்லை. பாதி நேரம் அது வளராது, வளர்வதற்குள் குருத்தெலும்பு போய்விடும்.

வேலை என்ன என்று கேட்டால், மறுபடியும் அதே துளைதான். குழலை உள்ளே விட்டு, லிட்டர் லிட்டராகச் சுத்தமான உப்புநீரால் மூட்டைக் கழுவுகிறார்கள். சீழும் வெள்ளை அணுக்களின் திராவகமும் அடித்துக்கொண்டு வெளியே வருகின்றன. நேரே மூட்டுக்குள் மருந்து வைக்கிறார்கள். காலின் மேல்பக்கத்தில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, கீழே உள்ள நாளத்தில் மருந்தை ஏற்றி, அரை மணி நேரம் அந்தக் காலுக்குள்ளேயே தேங்கவைக்கிற முறையும் உண்டு. எதிர்க்கால் குளம்புக்கு அடியில் மெத்தை கட்டுகிறார்கள். சீக்கிரம் பார்த்துவிட்டால் பெரும்பாலான குதிரைகள் பிழைத்துவிடுகின்றன. அன்று பென்சிலினோடு தினம் வந்துபோன டாக்டரிடம் கைராசி இருந்தது, மனசு இருந்தது. மூட்டைக் கழுவ ஒரு குழல் இல்லை.

இதெல்லாம் இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வுபெற்ற பிறகு வாசித்ததுதான் பாதி. மீதி என் சொந்த முழங்கால். இரண்டு வருஷத்துக்கு முன் என் வலது முழங்காலுக்குள் ஒரு எலும்புத் துணுக்கு உருண்டுகொண்டு, திடீர் திடீரென்று பூட்டு விழுந்தது போல் கால் நின்றுவிடும். கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் துளை போட்டு எடுத்தார்கள். காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன், துவரம்பருப்பு அளவு. பந்தயக் குதிரைக்கு வருவது எனக்கு வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

எட்டாம் நாள் முழங்கால் உப்பிக்கொண்டது. சூடு. மருமகள் ஐஸ் வைத்தாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றிப் பார்த்தேன். வலித்தது, ஆனால் ஊன்ற முடிந்தது. பையன் பாத்ரூமுக்குப் போக எழுந்தவன், "என்னங்கப்பா இந்நேரத்துல நடக்கறீங்க" என்றான். குதிரை நிற்கிறதா என்று பார்க்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயசு டாக்டர், ஊசியால் நீரை எடுத்தார். டியூப்பில் போட்டு மூடப்போனவரிடம், "ஒரு சொட்டு காட்டுங்க சார்" என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தார். ஆனால் கையுறை போட்ட விரலில் ஒரு சொட்டு வைத்துப் பிரித்தார். லேசாக ரத்தச் சிவப்புக் கலந்த மஞ்சள். நூல் வந்தது. கொஞ்சம் குட்டையான நூல், ஆனாலும் நூல். பரிசோதனை முடிவும் பிறகு அதையே சொல்லிற்று, சும்மா அழற்சி. மூன்று வாரத்தில் வடிந்துவிட்டது.

ராவுத்தர் மாமா செவலைக்குப் பிறகு குதிரை வாங்கவில்லை. வண்டியை விற்றுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் பண்டல் கட்டப் போனார். ஸ்டேஷன் வாசலில் ஒவ்வொரு வண்டியாகக் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. 1984 என்று நினைவு, நான் தாராபுரம் பக்கம் வேலையில் இருந்தேன். ரம்ஜானுக்கு அவரைப் பார்க்கப் போனேன். கண் மங்கியிருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீதான் இப்ப மாட்டு டாக்டராச்சே" என்றார். டாக்டர் இல்லை, இன்ஸ்பெக்டர்தான் என்று எவ்வளவு சொன்னாலும் ஏற்கமாட்டார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. அந்தச் சீழை நான் பத்து நாள் விட்டுட்டேன். மொதல் நாளே கீறியிருந்தா செவலை பொழச்சிருக்குமா?"

23 வருஷமாக அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தாமதித்துவிட்டோம் என்று. அது சீழ் இல்லை என்பது 13 வருஷமாக எனக்குத் தெரியும். கீறியதுதான் கொன்றது என்பதும் தெரியும்.

"எப்பக் கீறியிருந்தாலும் பொழச்சிருக்காதுங்க மாமா" என்றேன்.

அதில் பொய் இல்லை. முழுசாக உண்மையும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உள்ளே பார்த்து, தம்பிக்கு இன்னொரு கிண்ணம் சேமியாப் பாயசம் கொண்டுவரச் சொன்னார்.